யாழ்ப்பாணத்து மனையும் தரைப்படத் தெரிவும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே 'வீடு' என்னுஞ் சொல் கட்டடத்தை மட்டும் சுட்டுவதன்று. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, துடக்குவீடு என்றெல்லாம் நாம் வழங்கும்போது அங்கு குறிக்கப்படுவது நிகழ்ச்சியே. 'நாளைக்கு ஒரு செத்தவீடு இருக்குது' என்று ஒருவர் கூறுமிடத்து எந்தக் கட்டடம் என்று எவரும் கேட்பதில்லை. யார் இறந்தார் என்றே கேட்பர். இவ்வழக்கு தற்செயலானதன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. யாழ்ப்பாணத்தவர் மனை வகுத்தபோது நாளாந்த உண்ணலையும் உறங்கலையும் மனங்கொண்டு வகுத்தாரல்லர். ஆண்டில் ஒருமுறையோ தலைமுறைக்கு ஒருமுறையோ வரும் பெருநாள்களை மனங்கொண்டே வகுத்தனர். பிற்காலத்திற் புதிய தரைப்படங்களைத் தெரிந்தெடுத்தபோது, அந்நாள்களை வீட்டினுள்ளே வைத்திருப்பதா வெளியே அனுப்பிவிடுவதா என்ற வினாவுக்கும் அவர்கள் விடையளித்தவராயினர். பலர் தாம் விடையளிக்கின்றோம் என்பதை அறிந்திருக்கவில்லை.

வீட்டின் வரலாற்றை எழுத முற்படுபவனுக்குச் சான்றுகள் அரிதாகவே கிடைக்கின்றன. கோயிலுக்குக் கல்வெட்டும் கோட்டைக்கு ஆவணமும் உண்டு. குடியிருப்பு மனைக்கோ எஞ்சிய சுவர்களும், காணி உறுதிகளும், சில சட்டங்களும், பேச்சிலே தங்கிவிட்ட சொற்களுமே உள்ளன. அவற்றைக் கொண்டு கூறத்தக்கதை மட்டுமே ஈண்டு கூறுவோம்.

முதலில் மனங்கொள்ள வேண்டியது, பெரும்பான்மையான மக்கள் கல்வீட்டில் வாழ்ந்தாரல்லர் என்பதாம். மண்சுவரும் பனையோலை அல்லது கிடுகுக் கூரையும் கொண்ட சிறு கட்டடங்கள் பல ஒரே வேலிக்குள் தனித்தனியே நின்றன. அவற்றுள் அறையும் திண்ணையும் கொண்டதே 'வீடு' எனப்பட்டது. அடுக்களை வேறாகவும், பக்கந் திறந்த மால் வேறாகவும், மாட்டுக் கொட்டில் இன்னும் அப்பாலும் இருந்தன. இவற்றுக்கிடையே கிடந்த கூட்டிப் பெருக்கிய மண்முற்றமே உண்மையான வசிப்பிடம். தரைப்படம் என்று ஒன்றைத் தாளிற் கீறி, இதுவோ அதுவோ எனத் தெரிதல் அங்கு நிகழவில்லை. நிலையம் எடுப்பதற்கு வல்லார் ஒருவரை அழைத்து, காணியில் எவ்விடத்தில் எத்திசை நோக்கி வீடு நிற்கவேண்டும் என்று பார்த்து, மனையடி சாத்திரப்படி நீள அகலங்களை வகுத்து, கயிறு பிடித்து முளை அடித்தனர். எனினும் தெரிவு முற்றாக இல்லாதிருக்கவில்லை. தென்கிழக்கில் அடுக்களை என்பது மாறாது. மாலை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பது குடும்பத் தலைவனின் கையில் இருந்தது. விருந்தினரும் வழக்காளரும் வேலைக்காரரும் வந்து கூடுமிடம் மாலே ஆதலின் அதன் அளவு அவன் மதிப்பின் அளவாயிற்று.

இவ்வாறு சிதறி நின்ற கட்டடங்கள் ஒரே கூரைத்தொடரின் கீழ்க் கூடியதையே நாற்சார் வீடு எனக் கொள்ளலாம். நடுமுற்றத்தைச் சூழ நான்கு பக்கமும் தாழ்வாரம் ஓடும். நான்கு பக்கத்திலும் அறைகள் இருந்தன என்று எண்ணுதல் வேண்டா. பெரும்பாலான வீடுகளில் ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலோதான் அறைகள், ஏனையவை திறந்த விறாந்தைகள். சுண்ணாம்புக் கற்சுவர், சுண்ணச் சாந்து, பனை மரத்துச் சலாகை, பீலி ஓடு ஆகியன இம்மண்ணில் எளிதிற் கிடைத்த பொருள்கள். இத்தகைய மனை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. கேரளத்து நாலுகெட்டும் செட்டிநாட்டு மனைகளும் இதன் உறவினவே. ஒல்லாந்தர் காலத்து நகரவீடுகளிலும் உள்முற்றம் உண்டு. எது எதிலிருந்து வந்தது என்று வழக்காடுவதை விட, அது இங்கு என்ன வேலை செய்தது என்று கேட்பதே பயனுடைத்து.

நடுமுற்றத்தின் வேலைகள் பல. நெல்லும் மிளகாயும் ஒடியலும் அங்கே காய்ந்தன. திருவிதாங்கூர் வரை விலைபோன யாழ்ப்பாணத்துப் புகையிலையும், அதன் வருவாயினால் வாங்கப்பட்ட நெல்லும் விறாந்தைகளிலும் அறைகளிலும் அடைந்தன. மழை நீர் நான்கு கூரைகளிலுமிருந்து முற்றத்தில் வீழ்ந்து வாய்க்கால் வழியே தோட்டத்துக்குச் சென்றது. வேனிற் காலத்து வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேற, நிழல் தங்கிய விறாந்தைகள் குளிர்ந்திருந்தன. ஆயினும் இவ்வமைப்பின் சிறப்பு விளங்குவது பெருநாள்களிலேதான். பிரேதத்தை உள்ளே கிடத்தி, பெண்கள் அதைச் சூழ இருந்து அழுவதற்கும், முற்றத்திலே கிரியைகள் நடப்பதற்கும், ஆண்கள் முன்பந்தலில் அமர்வதற்கும், இவை ஒன்றையொன்று தடுக்காதபடி வழி விடுவதற்கும் அந்தத் தரைப்படம் போதுமாயிருந்தது. திருமணத்துக்கும் அவ்வாறே. நான்கு விறாந்தைகளிலும் பாய் விரித்துப் பந்தி வைத்தால் நூறு பேர் உண்டெழலாம். நான்கு பேர் வாழ்ந்த வீட்டில் நூறு பேருக்கு இடமிருந்தது என்பதை வீண்செலவு எனக் கணிப்பது இன்றைய கணக்கு.

இம்மனையைப் புகழ்ந்து கூறுவோர் வழக்கமாகக் கூறாது விடும் ஒன்றையும் சொல்லுதல் வேண்டும். நாற்சார் வீடு என்பது எல்லைகளின் அடுக்கு ஆகும். சங்கடப்படலை, முன்முற்றம், திண்ணைக்குந்து, வெளிவிறாந்தை, உள்விறாந்தை, அடுக்களை என்ற ஒவ்வோர் எல்லையிலும் ஒருவர் நிறுத்தப்பட்டனர். ஒடுக்கப்பட்ட சாதியினர் முற்றத்தின் அப்பால் ஏறவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் வார்த்த விதத்தை இங்கு விபரிக்க வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கோயில், கடை, பாடசாலை முதலிய பொது இடங்களை நோக்கியதேயன்றித் திண்ணையை நோக்கியதன்று. திண்ணைக்குந்தைச் சட்டம் தொட முடியாது, தரைப்படமே தொட்டது. விருந்தினர் எல்லோரையும் ஒரே மண்டபத்துள் ஏற்றும் புதிய வீட்டு அமைப்பு வந்தபோது, நிறுத்துதற்குரிய படிகள் குறைந்தன. மனிதர் மனத்துப் படிகள் அவ்வளவு விரைவிற் குறையவில்லை என்பதையும் எல்லோரும் அறிவர். பெண்களுக்கும் இவ்வீடு இரட்டை முகம் காட்டியது. தெருவின் கண்ணுக்குப் படாமல் வானத்தைக் காண அவர்களுக்கு ஒரு முற்றம் இருந்தது. அந்த முற்றத்துக்கு அப்பால் வானம் இருக்கவேண்டியதில்லை என்ற எண்ணமும் அதனுடன் இருந்தது.

வீட்டின் உறுப்புகளுக்கு நாம் வழங்கும் பெயர்களைச் சற்று நோக்குக. விறாந்தை, சன்னல், குசினி, சாவி ஆகியன போர்த்துக்கேயச் சொற்களின் வழிவந்தவை. உள்ளே கிடக்கும் மேசையும் கதிரையும் அலுமாரியும் அவ்வாறே. கக்கூசு ஒல்லாந்தர் தந்தது. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் பிரித்தானியர் வந்தனர். ஆட்சியாளர் மூவரும் போயினர். அவர்களுள் முதலிருவரது சொற்கள் சுவரிற் பதிந்துவிட்டன. அறை, திண்ணை, முற்றம், அடுக்களை, வாசல் என்பன நம்முடையனவாகவே நிற்கின்றன. அடுக்களையும் குசினியும் ஒரே வீட்டில் இருவேறு கட்டடங்களைக் குறித்த குடும்பங்களும் உண்டு: முன்னது விறகடுப்புக்கு, பின்னது தேநீருக்கும் விருந்தினருக்கும்.

இனி, தெரிவு செய்தவர் யார் என்ற வினாவுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் மகளுக்கு உரியது. யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்சு 1707இல் தொகுத்தளித்து, பன்னிரு முதலிமார் பார்வையிட்டு உறுதிசெய்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பாகுபாட்டை எழுத்தில் நிறுத்திற்று. பிரித்தானியர் 1806இல் அதற்குச் சட்ட வலுவளித்தனர். தாயின் சீதனம் மகளின் சீதனமாகும் வழக்கத்தினால், ஒரு வீட்டின் தரைப்படம் அதில் வாழப்போகும் பெண் பிறக்குமுன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கும், அல்லது அவளுக்கு மாப்பிள்ளை பேசும்போது தீர்மானிக்கப்படும். இரு சந்தர்ப்பங்களிலும் அவளைக் கேட்டவர் குறைவு. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டத்தின்படி, தனக்குரிய அசைவற்ற ஆதனத்தை மனைவி கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். வீடு அவளுடையது; விற்கும் கை அவளுடையதன்று.

சீதனமே நாற்சாரின் பகையாகவும் அமைந்தது. இரண்டு மகளிருக்கு ஒரு நாற்சாரை எவ்வாறு பங்கிடுவது? முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பினால் இரண்டு இருட்டறைகளே எஞ்சும். ஆகவே மூத்தவளுக்குப் பழைய வீடும், இளையவளுக்குப் பக்கத்துத் துண்டில் ஒரு புதிய வீடும் என்றாயிற்று. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது நம் கணக்கு. மூன்று தலைமுறையில் அந்த ஏக்கர் இரண்டு பரப்புத் துண்டுகளாக நறுக்கப்பட்டபோது, நடுவிலே வானத்துக்கு இடம் விடும் வசதி எவருக்கும் இருக்கவில்லை. உறுதிகளில் இன்றும் எழுதப்படும் 'கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும்' என்ற சொற்றொடர் இந்த நறுக்கலின் தழும்பு எனலாம். சகோதரிகளுக்கிடையே வீட்டைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது.

புதிய வீடு எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கு மாதிரி கடல் கடந்தும் வந்தது. மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் எழுதுவினைஞராகவும் மேற்பார்வையாளராகவும் சேர்ந்தனர். அங்கே அரசாங்க விடுதிகளில் வாழ்ந்தவர்கள் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியபோது, முன்னே போட்டிக்கோ, நடுவே கோல், இருமருங்கும் அறைகள், பின்னே குசினி என்ற ஒழுங்கையும் கொண்டுவந்தனர். தந்தையின் வீட்டைப் பார்த்து மகன் கட்டிய வழக்கம் மாறி, வேலை பார்த்த ஊரைப் பார்த்துக் கட்டும் வழக்கம் வந்தது. பாசல் மிசன் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் தட்டை ஓடு பரவியதும், பின்னர் சீமெந்து வந்ததும் இதற்குத் துணைசெய்தன. நாற்சாரின் நான்கு கூரைகளும் உள்மூலைகளிற் சந்திக்குமிடத்தில் ஒழுக்கு ஏற்படுவது வழமை. நேர்கோட்டுக் கூரைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு மாரிக்கும் ஓடு பிரித்து மேய்ந்தவனுக்கு இக்காரணமே போதும். பண்பாட்டு மாற்றம் என்று நாம் பெரிதாகப் பேசுவதிற் பாதி ஒழுக்குக்கு அஞ்சிய மாற்றமாக இருக்கலாம்.

சட்டமும் தாளும் அடுத்து வந்தன. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திச் சட்டம் நகர எல்லைக்குள்ளே கட்டடம் கட்டுபவர் முன்கூட்டியே வரைபடம் சமர்ப்பித்து அனுமதி பெறவேண்டும் என்று விதித்தது. 1931இல் அரச ஈட்டு வங்கி நிறுவப்பட்டபின், காணியை ஈடுவைத்துக் கடன் பெறவும் வழி பிறந்தது. கயிறும் முளையும் இருந்த இடத்தில் நீலத்தாள் வரைபடம் வந்தது. கீறியவர் பெரும்பாலும் மராமத்துப் பகுதியில் வேலை பார்த்த ஓவசியர். அவர் அரசாங்க விடுதிகளின் படங்களைக் கீறிப் பழகிய கையினாலே ஊரவரின் வீட்டுப் படங்களையும் கீறினார். இன்று கிராமந்தோறும் ஒரே முகத்துடன் நிற்கும் வீடுகளின் தந்தை அவரே எனலாம். அவர் கீறிய படத்தை மனையடி பார்ப்பவரிடம் கொண்டுசென்று ஓரடி கூட்டியோ குறைத்தோ வாங்கிவரும் வழக்கம் மட்டும் ஒழியவில்லை.

கோல் வந்தபோது வீட்டை விட்டு வெளியேறியவை எவை? பிறப்பு ஏற்கெனவே வெளியேறத் தொடங்கியிருந்தது. மானிப்பாயில் 1848 முதலும், இணுவிலில் பெண்களுக்கென 1898 முதலும் இயங்கிய மிசன் மருத்துவமனைகள் அதற்கு வழிகாட்டின. அதனைக் குறைசொல்வார் எவருமிலர். தாயும் பிள்ளையும் உயிர் தப்பினர். அடுத்துத் திருமணம் கோயில் மண்டபத்துக்கும், பின்னர் வாடகை மண்டபத்துக்கும் போயிற்று. சாமத்தியச் சடங்கும் அதன் பின்னே சென்றது. செத்தவீடு மட்டும் வீட்டில் நின்றது, ஊரில் இன்றும் நிற்கின்றது.

கொழும்பிலே அதுவும் நிற்கவில்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம், நிலமில்லாமல் ஒரு மாடியின் ஒரு பகுதியை மட்டும் சொந்தமாக்கிக்கொள்ள இடமளித்தது. தொண்ணூறுகள் முதல் வெள்ளவத்தையில் எழுந்த தொடர்மாடிகளில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல; அவற்றுள் சீதனமாக வாங்கப்பட்டனவும் பல. அங்கு தெரிவு என்பது கட்டி முடியாத மாடியின் தாளிலுள்ள இரண்டு படங்களுக்கிடையே விரல் வைப்பது. இரண்டு அறையா மூன்று அறையா, கடற்காற்று வருமா, சமையலறை யன்னல் காற்றுப் போக்கிக் குழியை நோக்கியதா என்று ஆராய்வர். உயர்த்தியில் பிரேதப் பெட்டியை நேரே ஏற்ற முடியுமா என்று விற்பனையாளரிடம் எவரும் கேட்பதில்லை. அவ்வினாவுக்கு மலர்ச்சாலை விடையாக இருக்கின்றது. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. யாழ்ப்பாணத்தவர் நடுமுற்றத்தைப் பழமையென்று கைவிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1960-62இல், ஜெப்றி பாவா கொழும்பின் சிறு நகரத் துண்டொன்றில் ஈனா டி சில்வாவுக்காக முற்றத்தை நடுவே வைத்து ஒரு வீட்டை வகுத்தார். அது நவீன கட்டடக்கலையின் சாதனையாகப் போற்றப்பட்டது. பின்னர் கல் கல்லாகக் கழற்றப்பட்டு லுணுகங்கையில் மீள நிறுத்தப்பட்டது. நம்மூர் நாற்சார்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அவற்றுட் பல போரில் அழிந்தன. வலிகாமம் வடக்கில் 1990இல் மக்கள் வெளியேறினர். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக் காணிகள் போர் முடிந்தபின் பகுதி பகுதியாக விடப்பட்டபோது, திரும்பியவர்கள் கண்டது பற்றைக்காட்டினுள் அத்திவாரங்களை. கூரையில்லை, சுவரில்லை, தரைப்படம் மட்டும் நிலத்தில் எஞ்சியிருந்தது. 2012 ஜனவரியில் உடன்படிக்கை செய்யப்பட்ட 50,000 வீடுகளுக்கான இந்திய வீடமைப்புத் திட்டம் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா அளித்து, ஏறத்தாழ 550 சதுர அடியில் உரிமையாளரே கட்டுவதற்கு இடமளித்தது. தாமே கட்டியதனாற் பலர் முன்விறாந்தையை நீட்டினர், அறையொன்றைக் கூட்டினர், கடனாளியும் ஆயினர். பின்னர் அரசு முன்வைத்த 65,000 உருக்கு வீடுகள் திட்டத்தை வடக்கு மக்களும் பொறியியலாளரும் எதிர்த்தனர். வெப்பம், அத்திவாரம், விறகடுப்புக்கு ஏற்ற சமையலிடமின்மை ஆகியன கூறப்பட்ட காரணங்கள். அது கைவிடப்பட்டது. வீட்டை இழந்தவனுக்குக் கூரை போதும், படத்தைப் பற்றி அவனுக்கென்ன என்று கருதிய அறிவாளிகளுக்கு இது விடை.

இவ்விடத்தில் எம் குடும்பத்துச் செய்தியொன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். அம்மம்மாவின் சீதனக் காணி விடுவிக்கப்பட்டபோது, அவருடைய தாயின் நாற்சார் அத்திவாரம் பெரும்பாலும் பழுதின்றிக் கிடந்தது. அக்காவுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. படவரைஞர் இரண்டு படங்கள் தந்தார். ஒன்று, அறைக்கு அறை குளியலறை இணைந்து, சமையலறை கோலுடன் ஒன்றாகத் திறந்திருந்த புதுப்பாணி வீடு. கனடாவிலிருந்து பணம் அனுப்பும் மாமாவின் விருப்பம் அது. மற்றையது பழைய அத்திவாரத்தின் மேலே முற்றத்தைச் சிறிதாக்கி எழுப்புவது. நான் வரலாறு படிக்கும் மாணவன் ஆதலால் இரண்டாவதற்கே வாதாடினேன். அக்கா என் வாதத்தைக் கேட்டுவிட்டு, 'முற்றம் கூட்டிறது ஆர், நீயோ?' என்று கேட்டாள். கொழும்பில் வேலை பார்ப்பவள் அவள்; வார இறுதிகளில் வந்து நான்கு விறாந்தைகளைத் துடைப்பது அவள் கையில்தான் விழும். மரபைக் காக்கச் சொல்லும் ஆண்களுக்கு எதிராக இதனை விட வலிய வாதத்தை நான் எந்நூலிலும் படித்ததில்லை.

அம்மம்மா இரண்டு தாள்களையும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே: 'நான் செத்தால் என்னை எங்க கிடத்தப் போறியள்?' மாமா தொலைபேசியில் அப்படியெல்லாம் கதைக்கவேண்டாம் என்றார். அவரோ விடவில்லை, முதற்படத்தின் கோலில் விரலை வைத்து, தலைமாடு எப்பக்கம், பெண்டுகள் எங்கே இருப்பது, வாசல் எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். படவரைஞர் முதலிற் சிரித்தார். பின்னர் அளவுகோலை எடுத்தார். மூன்றரை அடிக் கதவினால் பெட்டியும் தூக்குவோரும் ஒருங்கே வெளியேற முடியாது என்பது தெரிந்தது.

முடிவில் முதற்படமே தெரியப்பட்டது. முன்வாசல் ஐந்தடி இரட்டைக் கதவாயிற்று, கோலுக்கும் சமையலறைக்குமிடையே ஒரு சுவர் எழுந்தது, பின்புறத்தில் விறகடுப்புக்கு ஒரு பத்தி இறக்கப்பட்டது. மனையடி பார்த்தவர் நீளத்தில் ஓரடி குறைத்தார். பழைய அத்திவாரத்தின் கற்களிற் பெரும்பகுதி புதிய அத்திவாரத்துக்குப் போயிற்று. மேற்கு மூலை மட்டும் புதிய வீட்டின் எல்லைக்கு வெளியே அகப்பட்டு, இப்போது வாழைகளுக்கு வரம்பாக நிற்கின்றது. நன்கொடை உறுதி அக்காவின் பெயரில் முடிக்கப்பட்டது. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் வழமைபோல் எழுதப்பட்டன. இளையவளுக்கான துண்டு கிழக்கே, இன்னும் பற்றையாகவே கிடக்கின்றது.